இடக்கை வீரனைத் தேடி



'ஸ்கவுட்' என்னும் சொல் உங்களுக்குப் புதியதன்று. காக்கி உடை உடுத்து, கழுத்தில் துணி முடிந்து, அணிவகுத்து நிற்கும் சாரண மாணவனையே அச்சொல் நம் மனக்கண்முன் நிறுத்தும். ஆனால் அமெரிக்க நாட்டிலே அதற்கு மற்றொரு பொருளும் உண்டு. அந்நாட்டு மக்கள் பெரிதும் விரும்பும் பேஸ்பால் ஆட்டத்தில் நாளை யார் சிறந்த வீரராக விளங்குவார் என்று ஊர் ஊராகச் சென்று தேடிக் காண்பவருக்கும் ஸ்கவுட் என்றே பெயர். திறன் தேடுவோர் என்று நாம் அவரைத் தமிழில் அழைக்கலாம். உயர்நிலைப் பள்ளி மைதானத்தின் ஓரத்தில், கையிலே குறிப்பேட்டுடன் அவர் அமர்ந்திருப்பார். அவர் தேடுவனவற்றுள் மிக அரியது ஒன்று உண்டு. இடக்கையால் விரைந்து பந்தெறியும் பதினேழு பதினெட்டு வயது மாணவனே அவன்.

அத்தகைய மாணவனை எவ்வாறு கண்டறிகிறார்கள்? கண்டறிந்த பிறகு அவனுக்கு என்ன செய்கிறார்கள்? இவ்விரண்டு கேள்விகளையும் இன்று நாம் ஆராய்வோம். இரண்டாம் கேள்வியே முதற்கேள்வியினும் பெரியது என்பது என் கருத்து. அமெரிக்க நாட்டு வரலாறும், வட இந்தியச் சிற்றூர் ஒன்றின் வரலாறும், நம் சேலம் மாவட்டத்துச் சின்னப்பம்பட்டியின் வரலாறும் அதற்குச் சான்று தருகின்றன. அவற்றைக் கண்டபின் விருதுநகர், சிவகாசி வட்டாரத்துக் கரிசல் மண்ணுக்கு வருவோம்.

முதலில், இடக்கைக்கு அத்துணை மதிப்பு ஏன்? உலக மக்களுள் ஏறத்தாழப் பத்தில் ஒருவரே இடக்கைப் பழக்கம் உடையவர். அமெரிக்கப் பேஸ்பாலின் உச்சியில் உள்ள பெருங்கழக ஆட்டங்களிலோ, பந்தெறிவோருள் ஏறத்தாழ நான்கில் ஒருவர் இடக்கையர். இதற்குக் காரணம் ஆட்டத்தின் அமைப்பிலேயே இருக்கிறது. பந்தெறிபவரைப் 'பிட்சர்' என்பர். அவர் நிற்கும் மேட்டிலிருந்து பந்தடிப்பவர் நிற்கும் தளம் 60 அடி 6 அங்குலத் தொலைவில் உள்ளது. இடக்கையால் அடிப்பவருக்கு இடக்கைப் பிட்சரின் பந்து தம் முதுகுப்புறத்திலிருந்து வருவதுபோல் தோன்றும். அதைக் கணிப்பது அவருக்குக் கடினம். மேலும் இடக்கைப் பிட்சர் எறிவதற்கு ஆயத்தமாக நிற்கும்போது முதல் தளத்தை நேரே நோக்கி நிற்கிறார். அங்கிருந்து அடுத்த தளத்திற்கு ஓட முயல்பவரை அவர் கண்ணாலேயே கட்டிவைக்க முடியும்.

நாம் நன்கு அறிந்த கிரிக்கெட்டிலும் இதே நியாயம் உண்டு. இடக்கை வேகப்பந்து வீச்சாளர் ஸ்டம்பின் மேற்புறமாக வந்து வீசும்போது, வலக்கை ஆட்டக்காரருக்குப் பந்து குறுக்காகச் செல்லும். அவ்வாறே செல்லும் என்று அவர் மட்டையை நீட்டினால், ஒரு பந்து உள்ளே திரும்பிக் காலைத் தாக்கும். வீச்சாளரின் காலடிகளும் ஆடுகளத்தைச் சிதைத்து, பின்னர் வரும் ஆஃப் சுழல் வீச்சாளருக்குச் சொரசொரப்பான இடத்தை உண்டாக்கித் தரும். அரிதாக இருப்பதே இடக்கையின் ஆற்றல். நாள்தோறும் வலக்கைப் பந்தையே கண்டு பழகிய கண்ணுக்கு அது எப்போதும் விருந்தாளிதான்.

இனி, திறன் தேடுவோரின் முறையைப் பார்ப்போம். அவர் தம் குறிப்பேட்டில் 20 முதல் 80 வரை மதிப்பெண் இடுவார். பெருங்கழக வீரரின் நடுத்தரத் திறமைக்கு 50 மதிப்பெண். நேர்ப்பந்தின் வேகத்திற்கு ஒரு மதிப்பெண், வளைபந்துக்கு ஒன்று, வேகம் குறைத்து ஏமாற்றும் பந்துக்கு ஒன்று, குறி தவறாமைக்கு ஒன்று என்று தனித்தனியே இடுவார். கருதத்தக்க செய்தி ஒன்று இங்கே உண்டு. ஒவ்வொரு திறமைக்கும் அவர் இரண்டு எண்களை எழுதுகிறார். ஒன்று, இன்று இருப்பது. மற்றொன்று, வளர்ந்தபின் இருக்கக்கூடியது. முதல் எண்ணைக் கருவியும் சொல்லிவிடும். 1970-களின் நடுவிலிருந்து ராடார் துப்பாக்கி பந்தின் வேகத்தை நொடியில் அளந்து காட்டுகிறது. இரண்டாம் எண்ணை எந்தக் கருவியும் சொல்லாது. மாணவனின் உடற்கட்டு, தோளும் இடுப்பும் இசைந்து இயங்கும் ஒழுங்கு, அடி வாங்கிய பின் அடுத்த பந்தை எறியும் மனநிலை, ஆசிரியர் சொல்லைக் கேட்கும் பண்பு ஆகிய அனைத்தையும் பலநாள் கண்டு, ஒரு மனிதர் இன்னொரு மனிதரைப் பற்றி எழுதும் எண் அது.

அந்த இரண்டாம் எண் மெய்யாக வேண்டுமானால் காலம் வேண்டும். காலம் கொடுக்க மறுத்தால் என்ன நிகழும்? டேவிட் கிளைட் என்னும் மாணவரின் வரலாறு விடை கூறும்.

ஹூஸ்டன் நகரத்து உயர்நிலைப் பள்ளியில் பயின்ற கிளைட், இடக்கைப் பிட்சர். பள்ளியின் இறுதியாண்டில் அவர் 18 ஆட்டங்களில் வென்றார், ஒன்றில்கூடத் தோற்கவில்லை. 1973-ஆம் ஆண்டு ஜூன் மாதம் நாடு முழுவதிலுமிருந்து இளைஞர்களைத் தெரிந்தெடுக்கும் வரிசையில், டெக்சாஸ் ரேஞ்சர்ஸ் அணி அவரை முதல்வராகத் தேர்ந்தெடுத்தது. அப்போது அவ்வணியின் ஆட்டங்களுக்கு மக்கள் கூட்டம் இல்லை. உள்ளூர்ப் பிள்ளை எறிகிறான் என்றால் கூட்டம் வருமன்றோ? ஆகவே சிறு கழகங்களில் பயிற்சி பெறவேண்டிய இளைஞரை நேரே பெருங்கழக மேடையில் ஏற்றினார்கள். ஜூன் 27-ஆம் நாள், 18 வயதில், நிறைந்த அரங்கத்தின் முன்னே அவர் எறிந்தார், வென்றும் விட்டார். அந்த வெற்றியே அவருக்கு வினையாயிற்று. முதிராத தோளின்மேல் முதிர்ந்த வீரரின் சுமை ஏறியது. தோளில் நோவு கண்டது. 1979-ஆம் ஆண்டோடு அவருடைய பெருங்கழக ஆட்டம் முடிந்தது. அத்தனை ஆண்டுகளிலும் அவர் பெற்ற வெற்றிகள் மொத்தம் 18. பள்ளியில் ஓராண்டில் வென்ற அதே எண்ணிக்கை! அவரைத் தேடிக் கண்டவர்களின் கண்ணில் பிழை இல்லை. பறித்தவர்களின் கையில்தான் பிழை இருந்தது.

இதற்கு மாறான வரலாறும் உண்டு. டல்லாஸ் நகரத்துப் பள்ளியில் பயின்ற கிளேட்டன் கெர்ஷா என்னும் இடக்கை மாணவரை 2006-ஆம் ஆண்டு லாஸ் ஏஞ்சலிஸ் டாட்ஜர்ஸ் அணி தேர்ந்தெடுத்தது. வரிசையில் அவருக்கு ஏழாம் இடம். அவ்வணி அவரைச் சிறு கழகங்களுக்கு அனுப்பி ஏறத்தாழ ஈராண்டு பழக்கியது. 2008-ஆம் ஆண்டு மே மாதத்தில், இருபதாம் வயதில், அவர் பெருங்கழகத்தில் அடியெடுத்து வைத்தார். பதினேழு ஆண்டுகளுக்கும் மேலாக ஒரே அணிக்கு எறிந்து, சிறந்த பிட்சருக்குரிய சை யங் விருதை மும்முறை பெற்று, மூவாயிரத்துக்கும் மேற்பட்டோரை ஆட்டமிழக்கச் செய்து, 2025-ஆம் ஆண்டு ஓய்வு பெற்றார். கிளைட்டும் கெர்ஷாவும் ஒரே மாநிலத்தினர். இருவரும் பள்ளி மைதானத்தில் கண்டெடுக்கப்பட்ட இடக்கையர். காத்திருத்தல் என்ற ஒன்று ஒருவருக்குக் கிட்டியது, மற்றவருக்குக் கிட்டவில்லை.

அதே டாட்ஜர்ஸ் அணியில் முன்பு ஆடிய சாண்டி கோஃபக்ஸ் என்பவரையும் இங்கே நினைக்கவேண்டும். அவரும் இடக்கையர். 1954-ஆம் ஆண்டு இறுதியில் ஒப்பந்தமானார். அவர் எறிந்த பந்து மின்னல்போல் செல்லும். ஆனால் எங்கே செல்லும் என்று அவருக்கே தெரியாது. ஆறு ஆண்டுகள் இப்படியே கழிந்தன. 1961-ஆம் ஆண்டுப் பயிற்சிக் காலத்தில், பந்தைப் பிடிக்கும் பணியிலிருந்த நார்ம் ஷெரி என்னும் தோழர், வேகத்தைச் சற்றே குறைத்து எறிந்து பார்க்குமாறு அவருக்கு அறிவுரை கூறினார். எளிய சொல்தான். அதன் பின் ஆறு ஆண்டுகள் அவருக்கு இணையான பிட்சர் இல்லை என்னும் அளவுக்கு உயர்ந்தார். ஆயினும் முழங்கை மூட்டு நோயால் 1966-இல், முப்பது வயதிலேயே விலக நேர்ந்தது.

முழங்கை என்றதும் ஓர் எச்சரிக்கையும் சொல்லவேண்டும். பந்தெறியும் கை இயந்திரமன்று. முழங்கையின் உட்புறத்தில் எலும்புகளைப் பிணைக்கும் நார் ஒன்று இருக்கிறது. ஒவ்வொரு விரைவான எறிதலும் அதனை இழுக்கிறது. ஓய்வின்றி எறிந்தால் அது நைந்து அறும். 1974-ஆம் ஆண்டு டாமி ஜான் என்னும் இடக்கைப் பிட்சருக்கு இப்படி நேர்ந்தபோது, மருத்துவர் ஃபிராங்க் ஜோப் அவருடைய வலக்கையிலிருந்து ஒரு தசைநாணை எடுத்து இடது முழங்கையில் பொருத்தினார். அவர் 1976-இல் மீண்டு வந்து 1989 வரை ஆடினார். அந்த அறுவை மருத்துவம் இன்றும் அவர் பெயராலேயே வழங்குகிறது. ஆனால் முறிந்தபின் ஒட்டுவதினும் முறியாமல் காப்பதே அறிவுடைமை. 2014-ஆம் ஆண்டு அமெரிக்கப் பேஸ்பால் அமைப்புகள் வகுத்த நெறிமுறைப்படி, 15, 16 வயது மாணவன் ஒரு நாளில் 95 பந்துகளுக்குமேல் எறியலாகாது. 17, 18 வயதினருக்கு எல்லை 105. அவ்வளவு எறிந்த பின் நான்கு நாள் ஓய்வும் வேண்டும்.

இப்போது நம் நாட்டுக்கு வருவோம். பேஸ்பால் இந்தியாவில் பரவலாக ஆடப்படும் ஆட்டமன்று. ஆயினும் இந்நாட்டிலும் ஒருமுறை அமெரிக்கர் வந்து பிட்சரைத் தேடினர். 2007, 2008-ஆம் ஆண்டுகளில் ஜே. பி. பெர்ன்ஸ்டீன் என்பவர், விரைவாகவும் குறி தவறாமலும் பந்தெறிவோருக்குப் பெரும்பரிசு என்று இந்திய நகரங்களில் ஒரு போட்டியை நடத்தினார். பல்லாயிரம் இளைஞர் வந்து எறிந்து பார்த்தனர். வென்றவர், உத்தரப் பிரதேசத்தின் பதோகி மாவட்டத்துச் சிற்றூரில் ஒரு லாரி ஓட்டுநரின் மகனாகப் பிறந்த ரிங்கு சிங். அவர் ஈட்டி எறிதலில் பயிற்சி பெற்றவர், இடக்கையர். அவர் எறிந்த பந்து மணிக்கு 87 மைல், அதாவது 140 கிலோமீட்டர் வேகத்தில் சென்றது. அதற்குமுன் அவர் பேஸ்பால் ஆட்டத்தைக் கண்டதுகூட இல்லை.

ரிங்கு சிங்கையும் அவருக்கு அடுத்து வந்த தினேஷ் படேலையும் அமெரிக்காவுக்கு அழைத்துச் சென்றனர். தென் கலிபோர்னியப் பல்கலைக்கழகத்தில் டாம் ஹவுஸ் என்னும் ஆசிரியர், பந்தைப் பிடிப்பது எப்படி என்பதிலிருந்து தொடங்கிக் கற்பித்தார். 2008 நவம்பரில் பிட்ஸ்பர்க் பைரேட்ஸ் அணி இருவரையும் ஒப்பந்தம் செய்தது. 2009 ஜூலையில் ரிங்கு சிங் அமெரிக்கத் தொழில்முறைப் பேஸ்பாலில் களம் இறங்கினார். கெர்ஷா தொடங்கிய அதே சிறு கழகத்தில்தான் அவரும் தொடங்கினார். சில படிகள் ஏறினார். பின்னர் முழங்கை நோவு குறுக்கிட்டது. பெருங்கழகத்தை அவர் எட்டவில்லை. 2014-ஆம் ஆண்டு இவ்வரலாறு திரைப்படமாக வந்தது. அதற்கு இசையமைத்தவர் நம் ஏ. ஆர். ரகுமான்.

இது தோல்விக் கதையன்று. ஆனால் இதில் ஒரு பாடம் இருக்கிறது. அமெரிக்க மாணவன் ஏழெட்டு வயதில் கையில் எடுக்கும் பந்தை அவர் பத்தொன்பது வயதில் எடுத்தார். ராடார் கருவி அவருடைய வேகத்தைக் கண்டது. அவ்வேகத்தைப் பத்தாண்டுகளுக்கு முன்பே கண்டு, ஆட்டத்தைக் கற்பிக்க அவர் பக்கத்தில் ஆள் இல்லை. வந்து செல்பவரின் கண் ஒரு நாளில் காண்பதினும், ஊரில் இருப்பவரின் கண் பல ஆண்டுகளில் காண்பது பெரிது.

ஊரில் இருப்பவரின் கண் என்ன செய்யும் என்பதைச் சின்னப்பம்பட்டி காட்டுகிறது. சேலம் மாவட்டத்து அச்சிற்றூரில் 1991-இல் பிறந்தவர் த. நடராஜன். தந்தையார் நெசவுத் தொழிலாளி. தாயார் சாலையோரத்தில் கடை நடத்தியவர். உடன்பிறந்தோர் பலர், மூத்தவர் நடராஜனே. இருபது வயது வரையில் அவர் டென்னிஸ் பந்திலேயே கிரிக்கெட் ஆடினார். அவருடைய இடக்கையின் அருமையை முதலில் உணர்ந்தவர், பெரிய அமைப்பு எதையும் சார்ந்தவரல்லர். அதே ஊரைச் சேர்ந்த ஜெயப்பிரகாஷ் என்னும் அண்ணன்தான் அவர். 'நீ சென்னைக்குப் போய் ஆடவேண்டும்' என்று ஊக்கி, அழைத்துச் சென்று, வழிகாட்டினார். சென்னையில் நான்காம் பிரிவு ஆட்டங்களில் தொடங்கிய நடராஜன், படிப்படியாக உயர்ந்து, 2015 ஜனவரியில் தமிழ்நாட்டு அணிக்காக ரஞ்சிக் கோப்பை ஆட்டத்தில் இடம்பெற்றார்.

அங்கே ஒரு சோதனை காத்திருந்தது. அவர் பந்துவீசும் முறை விதிக்கு உட்பட்டதுதானா என்னும் ஐயம் எழுந்தது. வீசும்போது முழங்கை 15 பாகைக்குமேல் நிமிரலாகாது என்பது கிரிக்கெட் விதி. ஊரில் யாரும் சொல்லித்தராமல் தானாக அமைந்த வீச்சை அடியோடு மாற்றவேண்டிய நிலை. எத்தனையோ இளைஞர் இவ்விடத்தில் மனமுடைந்து ஊர் திரும்பியிருப்பர். சுனில் சுப்பிரமணியம் முதலிய பயிற்சியாளர்கள் துணைநிற்க, அவர் தம் வீச்சைப் புதிதாகக் கற்றார். 2016-இல் தமிழ்நாடு பிரீமியர் லீக் தொடங்கியபோது திண்டுக்கல் அணிக்காக அவர் வீசிய யார்க்கர் பந்துகள் எல்லோர் கண்ணையும் ஈர்த்தன. 2017-இல் பஞ்சாப் அணி 3 கோடி ரூபாய்க்கு அவரை ஏலத்தில் எடுத்தது. மறு ஆண்டு ஐதராபாத் அணி 40 லட்சம் ரூபாய்க்கு எடுத்து, இரண்டு ஆண்டுகள் ஆட இடமின்றி வைத்திருந்தது. ஏலத் தொகை ஏறும், இறங்கும். பயிற்சி மட்டும் நிற்கவில்லை.

2020-ஆம் ஆண்டு இறுதியில், வலைப்பயிற்சியில் பந்து வீசுவதற்கென்று ஆஸ்திரேலியா சென்றவர், டிசம்பர் 2-ஆம் நாள் கான்பெராவில் ஒருநாள் ஆட்டத்திலும், 4-ஆம் நாள் இருபது ஓவர் ஆட்டத்திலும், 2021 ஜனவரி 15-ஆம் நாள் பிரிஸ்பேனில் டெஸ்ட் ஆட்டத்திலும் இந்தியாவுக்காக அறிமுகமானார். ஒரே சுற்றுப்பயணத்தில் மூவகை ஆட்டங்களிலும் அறிமுகமான முதல் இந்தியர் அவரே. தம்மைக் கண்டெடுத்த அண்ணனின் பெயரெழுத்துகளைத் தம் ஆட்டச் சட்டையில் அவர் தாங்கியது பலரும் அறிந்த செய்தி.

இத்துடன் வரலாறு முடிந்திருந்தால் அது ஒருவரின் வெற்றியாக மட்டும் இருந்திருக்கும். நடராஜன் தம் ஊரிலேயே பயிற்சிக் கூடம் அமைத்தார். 2023-இல் அங்கே ஒரு மைதானமும் திறக்கப்பட்டது. அவ்வூரைச் சேர்ந்த ஜி. பெரியசாமி, 2019-ஆம் ஆண்டு தமிழ்நாடு பிரீமியர் லீக் இறுதியாட்டத்தில் ஐந்து விக்கெட்டுகளை வீழ்த்திச் சேப்பாக்கம் அணிக்குக் கோப்பையைப் பெற்றுத் தந்தார். ஒருவரைக் கண்டெடுத்தால், அவர் பிறரைக் கண்டெடுக்கிறார். ஒரு விளக்கிலிருந்து மறு விளக்கை ஏற்றுவது போன்றது இது.

சின்னப்பம்பட்டியில் நிகழ்ந்தது விருதுநகர் மாவட்டத்தில் நிகழலாகாதா? மழை குறைந்த கரிசல் பூமி இது. கோடையில் கண்மாய் வற்றினால் அதன் வயிறே இளைஞர்களுக்கு ஆடுகளம். வடகிழக்குப் பருவமழை வரும் வரையில் ரப்பர் பந்தும் டென்னிஸ் பந்தும் அங்கே ஓயாமல் பறக்கும். கைத்திறனுக்கும் இங்கே குறைவில்லை. 1920-களில் அய்ய நாடாரும் சண்முக நாடாரும் கல்கத்தாவுக்குச் சென்று கற்று வந்த தீப்பெட்டித் தொழிலிலிருந்து பட்டாசும் அச்சும் கிளைத்தன. தீக்குச்சி அடுக்குதலும், பெட்டி ஒட்டுதலும், சரவெடி பின்னுதலும் எல்லாம் கையின் நுட்பத்தால் நடைபெறும் வேலைகள். நாட்டிலுள்ள வீரர்களின் படங்களை வண்ணத்தில் அச்சிட்டு வழங்கக்கூடிய ஊர் சிவகாசி. அங்கே அச்சேறத்தக்க முகம் ஒன்று அதன் பக்கத்துக் கண்மாயிலேயே இருக்கக்கூடும்.

ஆனால் அந்தக் கைகளின் வரலாற்றில் துயரமும் கலந்திருக்கிறது. இவ்வட்டாரத்தில் குழந்தைகளின் கை பள்ளிப் பலகையைத் தொடாமல் தீப்பெட்டியைத் தொட்ட காலம் இருந்தது. அது குறித்த வழக்கில் 1996-ஆம் ஆண்டு உச்ச நீதிமன்றம், குழந்தையை வேலைக்கு வைத்த முதலாளி ஒவ்வொரு குழந்தைக்கும் 20,000 ரூபாய் செலுத்தவேண்டும் என்று தீர்ப்பளித்தது. 2016-இல் திருத்தப்பட்ட சட்டம், 14 வயது நிறைந்து 18 நிறையாதவர்களையும் வெடிபொருள் போன்ற ஆபத்தான தொழில்களில் ஈடுபடுத்தலாகாது என்கிறது. இந்த வயதைக் கவனியுங்கள். 14 முதல் 18 வரை! திறன் தேடுவோர் தம் குறிப்பேட்டுடன் தேடும் வயதும் இதுவே. மருந்தைத் தொடலாகாது என்று அந்தக் கையைச் சட்டம் விலக்கிவிட்டது. விலக்கிய கையில் எதை வைக்கப்போகிறோம்? புத்தகத்தையும் பந்தையும் வைப்பது ஊராரின் கடமையும் பள்ளியின் கடமையும் ஆகும். இல்லையேல் வறுமை அந்தக் கையை மறுபடியும் அழைத்துக்கொள்ளும்.

இவ்வகையில் விருதுநகர் நாட்டுக்கே வழிகாட்டிய ஊர். அவ்வூரில் பிறந்த காமராசர் இளமையிலேயே பள்ளியை விட்டுத் துணிக்கடையில் வேலைக்குச் சென்றவர். அவர் முதலமைச்சரானபின் ஊர்தோறும் பள்ளிகள் பெருகின. 1956-இல் பள்ளிகளில் மதிய உணவுத் திட்டம் தொடங்கியது. அதுவும் ஒரு தேடல்தானே? எந்தக் குடிசையில் எந்தத் திறன் ஒளிந்திருக்கிறது என்று யாருக்கும் தெரியாது. ஆகவே எல்லாக் குழந்தைகளையும் கண்ணுக்குத் தெரியும் இடத்திற்கு, பள்ளிக்கூடத்திற்கு, வரச்செய்தார். பள்ளிக்கு வராத பிள்ளையைத் திறன் தேடுவோர் எவ்வளவு கூரிய கண்ணுடையவராயினும் காணமுடியாது.

மாணவர்களே, இடக்கைப் பிள்ளைகளுக்கு நம் வழக்கமே ஒரு தடை. இடக்கையை நொட்டாங்கை என்று இகழ்கிறோம். உண்ணவும் கொடுக்கவும் வலக்கையே தகும் என்பது நம் மரபு, அது இருக்கட்டும். அந்த மரபை எழுதும் கைக்கும் எறியும் கைக்கும் ஏன் நீட்டவேண்டும்? வீட்டில் ஒருவர் கையைத் தட்டுகிறார். வகுப்பில் ஒருவர் எழுதுகோலை மாற்றுகிறார். நாளடைவில், இயற்கை பத்தில் ஒருவருக்கு மட்டும் தந்த கொடையை அப்பிள்ளையே மறைக்கக் கற்றுக்கொள்கிறது. பெண்பிள்ளையானால் மைதானமே மறுக்கப்படுகிறது. மறைக்கப்பட்டதைத் தேடுவது எப்படி?

ஆகவே உங்களுக்குச் சில சொல்ல விரும்புகிறேன். உங்கள் வகுப்பிலோ தெருவிலோ இடக்கையால் எறியும் தோழனோ தோழியோ இருந்தால், கையை மாற்றச் சொல்லாதீர்கள். பிறர் சொன்னாலும் தடுங்கள். வேகத்தைக் கண்டு மட்டும் வியக்காதீர்கள். அடிபட்ட பின் அடுத்த பந்தை அவன் எப்படி எறிகிறான் என்பதைப் பாருங்கள். ஊர்ப் போட்டியில் வெல்லவேண்டும் என்பதற்காக ஒருவன் தோளையே நாள் முழுவதும் நம்பியிராதீர்கள். எத்தனை பந்து எறிந்தான் என்று ஒருவர் எண்ணுங்கள். வலி என்றால் நிறுத்துங்கள். வீசும் முறையில் ஐயமிருந்தால் இளமையிலேயே உடற்கல்வி ஆசிரியரிடம் காட்டுங்கள். தமிழ்நாடு விளையாட்டு மேம்பாட்டு ஆணையம் பள்ளி, கல்லூரி மாணவருக்கென முதலமைச்சர் கோப்பைப் போட்டிகளை மாவட்டந்தோறும் நடத்தியிருக்கிறது. அத்தகைய போட்டிக்கு அவன் பெயரைக் கொடுக்க அவன் கூசினால், நீங்கள் அழைத்துச் சென்று கொடுங்கள். எல்லாவற்றிற்கும் மேலாக, ஆட்டத்திற்காகப் படிப்பை விடாதபடி அவனைக் காத்துக்கொள்ளுங்கள். முழங்கை ஒருநாள் சோர்ந்துவிடலாம். கற்ற கல்வி அப்போதும் அவனைத் தாங்கும்.

திறன் தேடுதல் என்பது பெருநகரத்து அறிஞருக்கு மட்டும் உரிய தொழிலன்று. ஜெயப்பிரகாஷ் ஓர் ஊர் அண்ணன். நார்ம் ஷெரி ஓர் ஆட்டத் தோழர். ஒருவர் கண்டார், கூடவே நின்றார். மற்றவர் தக்க நேரத்தில் ஒரு சொல் சொன்னார். உங்களுள் பலர் இடக்கை வீரராக முடியாது. உங்களில் பத்தில் ஒன்பது பேருக்கு இயற்கை அதைத் தரவில்லை. ஆனால் அவ்வீரனின் பக்கத்தில் நிற்கும் தோழராக உங்கள் ஒவ்வொருவராலும் முடியும். நாளை மாலை மைதானத்திற்குச் செல்லும்போது, எல்லைக்கோட்டுக்கு அருகே ஒதுங்கி நின்று, இடக்கையால் பந்தைத் திருப்பி எறியும் சிறுவனைப் பார்த்தால், அவன் பெயரைக் கேளுங்கள்.